தொழில்நுட்பக் கொள்கை, குடிமை உரிமை: கோடைக்காலச் சட்ட இன்டர்ன்ஷிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: அமெரிக்காவில் ஜே.டி. என்ற சட்டப் பட்டப்படிப்பில் முதலாண்டு படிக்கிறேன், எஃப்-1 மாணவர் விசா. வரும் கோடையில் இணைய உரிமை, தனியுரிமை தொடர்பான அமைப்பு ஒன்றில் சட்ட இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. ஈ.எஃப்.எஃப். (எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன்), ஏ.சி.எல்.யூ. (அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன்) இரண்டில் எது நல்லது? நான் கணினி படித்தவள் இல்லை. வாய்ப்பு உண்டா? சம்பளம் இல்லாமல் போவது புத்திசாலித்தனமா?

பதில்:

எது நல்லது என்பதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்தத் துறையில் முதலில் இன்டர்னாகவும், பிறகு இன்டர்ன்களுக்கு வேலை கொடுக்கிற ஆளாகவும் இருந்திருக்கிறேன். பெயரைப் பார்த்து வந்தவர்கள் ஜூலையில் முகம் வாடி உட்கார்ந்திருப்பதையும், யாரும் கேள்விப்படாத அலுவலகத்துக்குப் போனவர்கள் ஆகஸ்டில் உருப்படியான ஒரு மெமோவோடு, அதாவது சட்ட ஆய்வுக் குறிப்போடு, திரும்புவதையும் பார்த்தாயிற்று. நீங்கள் கேட்க வேண்டியது, அந்தப் பத்து வாரமும் என் மேசையில் என்ன வேலை வந்து விழும் என்பதைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் இந்த அமைப்புகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே நடக்கும் வேலை வேறு வேறு.

முதலில் வழக்கு வேலை. ஈ.எஃப்.எஃப். பிறந்ததே ஒரு சோதனையின் சூட்டில்தான். 1990 மார்ச்சில் சீக்ரெட் சர்வீஸ் என்ற மத்திய அரசுக் காவல் அமைப்பின் ஆட்கள் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் என்ற சின்ன விளையாட்டு நிறுவனத்துக்குள் நுழைந்து கணினிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதே ஆண்டில் அமைப்பு தொடங்கியது. 1993-இல் நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஏ.சி.எல்.யூ. 1920-இலிருந்து இருக்கிறது. பேச்சுரிமை, தனியுரிமை, தொழில்நுட்பம் மூன்றுக்கும் சேர்த்து அங்கே ஒரு தனிப் பிரிவு உண்டு. இணையத்துக்கும் முழுமையான கருத்துச் சுதந்திரம் உண்டு என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன ரெனோ வழக்கில் எதிர்த் தரப்பின் பெயரே ஏ.சி.எல்.யூ.தான். இப்படிப்பட்ட இடங்களில் இன்டர்ன் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடப் போவதில்லை. உட்கார்ந்து மெமோ எழுதுவார். ஒரு கேள்வி கொடுப்பார்கள்: இந்தச் சூழ்நிலையில் எந்தெந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொல்லியிருக்கிறது? அதற்குப் பதினைந்து பக்கம் எழுதுவீர்கள். அதில் இரண்டு பத்தி அமிகஸ் மனுவில் (வழக்கில் தரப்பாக இல்லாதவர் நீதிமன்றத்துக்கு உதவியாகத் தரும் மனு) இடம்பெற்றால் அது நல்ல கோடை.

காலக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். உச்ச நீதிமன்றம் ஜூன் கடைசியில் தீர்ப்புகளைக் கொட்டிவிட்டு அக்டோபர் வரை விடுமுறைக்குப் போய்விடும். விசாரணைக்கு ஒரு வழக்கு ஏற்கப்பட்டால் 45 நாளில் மனுதாரரின் எழுத்து வாதுரை தாக்கலாக வேண்டும். அந்தத் தரப்பை ஆதரிக்கும் அமிகஸ் மனு அடுத்த 7 நாளில். அவகாசம் நீட்டிக்கப்படுவது சகஜம்தான், ஆனாலும் ஜூனில் ஏற்கப்பட்ட வழக்கின் சுமை கோடைக்குள்ளேயே வந்து இறங்கும். நேர்காணலில் "இந்தக் கோடையில் எந்த வழக்கில் அமிகஸ் போடப்போகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் வேலையும் தெளிவாக இருக்கும்.

இரண்டாவது கொள்கை வேலை. வாஷிங்டனில் 1994-இல் தொடங்கிய சி.டி.டி. (சென்டர் ஃபார் டெமாக்ரசி அண்ட் டெக்னாலஜி), 2001-இல் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் போன்றவை இந்த வகை. இங்கே வாதுரைக்கு வேலை குறைவு. மசோதாவைப் பிரித்துப் படிப்பது, நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளருக்கு ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதுவது, ஓர் அரசு அமைப்பு புதிய விதி கொண்டுவரும்போது கருத்துரை தயாரிப்பது, இவைதான் நாள் முழுக்க. கருத்துரை என்றதும் பெட்டியில் போடும் புகார்க் கடிதம் என்று நினைத்துவிட வேண்டாம். 1946-இன் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி முக்கியமான ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாமல் விதியை நிறைவேற்றினால், பின்னால் நீதிமன்றத்தில் அந்த விதி அடிபடலாம். அதனால் பொறுமையாக எழுதப்பட்ட ஒரு கருத்துரை அடுத்த வழக்குக்கு அடித்தளம். ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விடும் என்பதால் இந்த அலுவலகங்களில் ஜூனும் ஜூலையும் பறக்கும், கடைசி இரண்டு வாரம் ஈயோட்டும்.

மூன்றாவது, ஆவணம் கேட்கும் வேலை. 1994-இல் தொடங்கிய எபிக் (எலக்ட்ரானிக் பிரைவசி இன்ஃபர்மேஷன் சென்டர்) இதில் பெயர் பெற்றது. 1966-இன் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் அரசுத் துறைக்கு விண்ணப்பம் போடுவது, மறுத்தால் மேல்முறையீடு, அதற்கும் மசியாவிட்டால் வழக்கு. சட்டம் 20 வேலை நாளில் பதில் சொல்லச் சொல்கிறது. நடப்பதே வேறு. நீங்கள் ஜூனில் போட்ட விண்ணப்பத்துக்கு ஆகஸ்டில் பதில் வந்தால் அதிர்ஷ்டம். உங்கள் கையில் வருவது போன கோடையிலோ அதற்கு முந்தைய கோடையிலோ வேறொரு இன்டர்ன் போட்ட விண்ணப்பத்தின் விடை. பாதிப் பக்கம் கறுப்பு மை. காவல் துறையின் உத்தி வெளிப்பட்டுவிடும் என்று ஒரு விலக்கு, தேசப் பாதுகாப்பு என்று இன்னொன்று. கறுப்பு மைக்கு நடுவே தப்பி நிற்கும் நாலு வார்த்தையை வைத்து ஒரு கருவியின் பெயரைக் கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷத்தை விளக்க முடியாது. "அப்படி ஒன்று இருக்கிறதென்றும் சொல்ல மாட்டோம், இல்லையென்றும் சொல்ல மாட்டோம்" என்ற பதிலுக்கு இந்த வட்டாரத்தில் குளோமர் பதில் என்று பெயர். கடலடியில் கிடந்த சோவியத் நீர்மூழ்கியை 1974-இல் சி.ஐ.ஏ. ரகசியமாகத் தூக்கப் போன கப்பலின் பெயர் குளோமர் எக்ஸ்ப்ளோரர். அதைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் கேட்டபோது பிறந்த பதில் இன்றுவரை வாழ்கிறது.

நான்காவது, சட்டக் கல்லூரிகளின் கிளினிக்குகள், அதாவது ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் உண்மையான சட்ட வேலை செய்யும் பிரிவுகள். பெர்க்லியின் சாமுவல்சன் கிளினிக், ஹார்வர்டின் சைபர்லா கிளினிக் போன்றவை. ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து உங்கள் வரைவைத் திருத்துவார். முதலாண்டு முடித்தவருக்கு இது பெரிய வரம். கோடையில் வெளிக் கல்லூரி மாணவர்களை எடுப்பது இடத்துக்கு இடம் மாறும், நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

இனி நான் சொல்லப் போவதை இந்தத் துறையில் பலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். டிஜிட்டல் தனியுரிமைச் சட்டத்தை உள்ளேயிருந்து கற்றுக்கொள்ள மிகச் சிறந்த இடம் பல சமயம் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம், அதாவது வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக அரசு செலவில் வாதாடும் இடம். ஏன் என்று கேட்டால், இந்தத் துறையின் பெரிய தீர்ப்புகள் எதையெல்லாம் மேற்கோள் காட்டுகிறோமோ அவற்றைப் பாருங்கள். செல்பேசியைச் சோதிக்க வாரண்ட் வேண்டும் என்று 2014-இல் ஒருமனதாக வந்த தீர்ப்பு, சான் டியேகோவில் காலாவதியான பதிவுப் பட்டையோடு கார் ஓட்டியதற்காக நிறுத்தப்பட்ட டேவிட் ரைலியின் குற்ற வழக்கு. காரில் ஜி.பி.எஸ். கருவியை ஒட்டி 28 நாள் பின்தொடர்ந்ததைப் பற்றி 2012-இல் வந்த தீர்ப்பு, வாஷிங்டனில் இரவு விடுதி நடத்திய அன்டுவான் ஜோன்ஸின் போதைப்பொருள் வழக்கு. செல்பேசி இடப் பதிவுகளைப் பற்றி 2018-இல் தீர்ப்பு வந்த கார்பென்டர் வழக்கு, செல்பேசிக் கடைகளில் நடந்த கொள்ளைத் தொடரைப் பற்றியது. எல்லாமே யாரோ ஒரு குற்றம் சாட்டப்பட்டவரின் கோப்பில்தான் தொடங்கின. அந்தக் கோப்பை முதலில் பிரித்துப் பார்த்து "இந்த ஆதாரம் எப்படி வந்தது?" என்று கேட்டது குற்ற வழக்கு வழக்கறிஞர்தான். பெரிய அமைப்புகள் பெரும்பாலும் மேல்முறையீட்டுக் கட்டத்தில்தான் உள்ளே வருகின்றன.

நியூயார்க்கின் லீகல் எய்ட் சொசைட்டியில் டிஜிட்டல் தடயங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி இருக்காது. இல்லாத ஊரில் செல்பேசிப் பதிவுகளைப் படிக்கத் தெரிந்த இன்டர்னுக்கு இன்னும் மவுசு. வாரண்ட் மனு ஒன்றை வரிவரியாகப் படித்து, அதில் காவலர் கேட்டது என்ன, நிறுவனம் கொடுத்தது என்ன, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், கொள்கை அலுவலகத்தில் பத்து மசோதாவைப் படிப்பதைவிட அது அதிகம் சொல்லிக்கொடுக்கும். ஒரு குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட நேரத்தில் இருந்த எல்லா ஃபோன்களின் விவரத்தையும் கூகுள் போன்ற நிறுவனத்திடம் கேட்கும் ஜியோஃபென்ஸ் வாரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-இல் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், அது அநியாயச் சோதனையிலிருந்து பாதுகாக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு முரண் என்றது. நான்காவது சர்க்யூட் வேறு வழியில் போனது. இந்த மோதல் முழுவதும் சாதாரணக் கொள்ளை வழக்குகளின் மேல் நடந்தது.

கணினி படிக்கவில்லை என்ற கவலைக்கு வருகிறேன். பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் "எனக்கு டெக்னிக்கல் விஷயம் புரியாது" என்று ஒதுங்கவும் முடியாது. சட்டம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்விதான்: அந்தத் தகவல் யார் கையில் இருக்கிறது? 1979-இன் ஸ்மித் எதிர் மேரிலாந்து வழக்கு, நீங்கள் சுழற்றிய எண்களைத் தொலைபேசி நிறுவனத்துக்கு நீங்களே கொடுத்துவிட்டீர்கள், அதனால் அதில் உங்களுக்குத் தனியுரிமை இல்லை என்றது. மூன்றாம் தரப்புக் கோட்பாடு என்பார்கள். 2018-இல் கார்பென்டர் தீர்ப்பு அந்தக் கோட்பாட்டுக்கு ஓர் எல்லை போட்டது. 127 நாள் பதிவுகள், 12,898 இடக் குறிப்புகள். இவற்றை வாரண்ட் இல்லாமல், அதைவிட இலகுவான ஒரு நீதிமன்ற உத்தரவை வைத்து எஃப்.பி.ஐ. வாங்கியிருந்தது. 5-4 என்ற கணக்கில் அது செல்லாது என்று தீர்ந்தது.

இங்கேதான் தொழில்நுட்பம் வாதமாக மாறுகிறது. செல் கோபுரப் பதிவு ஒருவர் நின்ற புள்ளியைக் காட்டாது, கோபுரத்தைச் சுற்றியுள்ள ஒரு ஆப்பு வடிவப் பகுதியைத்தான் காட்டும். அந்த வழக்கில் அதன் பரப்பு எட்டில் ஒரு சதுர மைலிலிருந்து நான்கு சதுர மைல் வரை. அவ்வளவு தோராயமானது என்று அரசுத் தரப்பு வாதிட்டது. தோராயமான பதிவுகூட மற்றத் தகவல்களோடு சேர்ந்தால் ஒருவரின் நடமாட்டத்தை வரைந்துவிடும், வருங்காலத்தில் இன்னும் துல்லியமாகும் என்று நீதிமன்றம் பார்த்தது. இந்த வேறுபாட்டைப் பிசகாமல் எழுதத் தெரிந்தால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம்.

ஆகவே ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு அடிவரை போங்கள். செல் கோபுரப் பதிவா, முனைக்கு முனை மறையாக்கமா, முக அடையாளம் காணும் மென்பொருளா, எதுவானாலும் சரி. எங்கே சேமிக்கப்படுகிறது, யாரிடம் சாவி, எவ்வளவு காலம் இருக்கும், எப்போது தப்பாகக் காட்டும் என்ற நான்குக்கும் விடை தெரிந்திருக்கட்டும். மேலோட்டமாகப் பத்து விஷயம் தெரிந்தவரைவிட இப்படி ஒன்று தெரிந்தவரைத்தான் நான் எடுத்தேன்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? "சிறு வயதிலிருந்தே தொழில்நுட்பத்தில் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதம் கட்டுக்கட்டாக வரும். அதை எழுதாதீர்கள். அந்த அமைப்பு அண்மையில் தாக்கல் செய்த ஒரு மனுவைப் படித்து, அதில் எந்த வாதம் பலமாக இருந்தது, எங்கே உங்களுக்கு உறுத்தியது என்று நாலு வரி எழுதுங்கள். மாறுபட்ட கருத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம். எதிர்த் தரப்பு எப்படி அடிக்கும் என்று யோசிக்கத் தெரிந்த ஆள்தான் அங்கே தேவை. குடிமை உரிமைகளே ஒன்றோடொன்று மோதும் இடங்களும் உண்டு. இல்லினாயின் 2008 பயோமெட்ரிக் சட்டத்தின் கீழ் முக அடையாளம் காணும் மென்பொருள் விற்கும் கிளியர்வியூ நிறுவனத்தின் மீது ஏ.சி.எல்.யூ. வழக்குப் போட்டபோது, இணையத்தில் பொதுவில் கிடக்கும் படங்களைச் சேகரிப்பது எங்கள் பேச்சுரிமை என்று நிறுவனம் வாதிட்டது. தனியுரிமைக்காகப் போன இடத்தில் பேச்சுரிமை எதிரில் நின்றது. 2022-இல் சமரசத்தில் முடிந்தது. இப்படி ஒரு முடிச்சை எடுத்துக் கடிதத்தில் நேர்மையாகப் பேசினால் உங்கள் பெயர் நினைவில் நிற்கும்.

பெரும்பாலான இடங்கள் இலையுதிர் காலத்திலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, வர வர நிரப்பிக்கொண்டே போகும். முதலாண்டு முதல் பருவ மதிப்பெண் ஜனவரியில்தான் கைக்கு வரும் என்பதால், அதற்கு முன் அனுப்புபவர்களுக்கு எழுத்து மாதிரிதான் மதிப்பெண். வகுப்பில் எழுதிய மெமோவே போதும். ஆசிரியர் திருத்திய பிரதியை அனுப்பினால் அதையும் சொல்லிவிடுங்கள். பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம், யாரும் படிப்பதில்லை.

சம்பளம். உண்மையைச் சொன்னால், லாப நோக்கற்ற அமைப்புகளில் பல இடங்கள் பணம் தருவதில்லை, அல்லது வாடகைக்குக்கூடக் காணாத உதவித்தொகை தரும். இந்தத் துறையில் யார் நுழைகிறார்கள் என்பதை இது வடிகட்டுகிறது. பேசுவது எளியோரின் உரிமையை, உள்ளே வர முடிவது வசதி உள்ளவர்களுக்கு. எனக்கு இதில் வெட்கம் உண்டு. ஆனால் வழிகள் இருக்கின்றன. பல சட்டக் கல்லூரிகள் பொதுநலக் கோடைப் பணிக்கு நிதி வைத்திருக்கின்றன. சிலவற்றில் அதைப் பெற ஆண்டின் நடுவிலேயே தன்னார்வ மணிநேரங்களைச் சேர்த்திருக்க வேண்டும், இது தெரியாமல் மார்ச்சில் ஓடிவருபவர்கள் ஏமாந்துபோவார்கள். பாடப் புள்ளிக்காக (கிரெடிட்) செய்தால் கோடைக் கட்டணம் கட்ட வேண்டி வரலாம், அதாவது நீங்களே காசு கொடுத்து வேலை செய்வீர்கள். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். புள்ளியும் பணமும் ஒருசேர வாங்கக் கூடாது என்றிருந்த தடையை அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2016-இலேயே நீக்கிவிட்டது. ஆனால் தனித்தனிக் கல்லூரிகள் தங்கள் விதியை வைத்திருக்கலாம். நிதியும் இல்லை, சம்பளமும் இல்லை, கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் போகாதீர்கள். முதல் கோடையில் ஒரு நீதிபதியிடமோ பேராசிரியரிடமோ பணத்தோடு ஆராய்ச்சி வேலை செய்துவிட்டு இரண்டாம் கோடையில் இங்கே வரலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

விசா விஷயத்தில் மட்டும் சந்தேகத்துக்கு இடம் வைக்காதீர்கள். எஃப்-1 மாணவர் வளாகத்துக்கு வெளியே இப்படி வேலை செய்ய சி.பி.டி. (படிப்பின் பகுதியான வேலைப் பயிற்சி) அனுமதி வேண்டும். பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும். முதலாண்டு முடித்துக் கோடையில் போகும் உங்களுக்கு அது பொருந்தும். வேலை உங்கள் பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும், அனுமதி ஐ-20-இல் (கல்லூரி தரும் மாணவர் விசா படிவம்) ஏறிய பிறகே முதல் நாள். "சம்பளம் இல்லையே, அனுமதி எதற்கு?" என்று சீனியர் யாராவது சொல்வார். அவர் பேச்சைக் கேட்காமல் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள், கல்லூரி தரும் நிதி சம்பளமாகக் கருதப்படுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தைத் தொட்டால் படிப்புக்குப் பிந்தைய ஓ.பி.டி. என்ற வேலைப் பயிற்சி அனுமதி போய்விடும். பத்து வாரத்தால் அது நேராது. மத்திய அரசு அலுவலகங்கள் பெரும்பாலும் குடிமக்களைத்தான் எடுக்கும், அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். எல்.எல்.எம். படிப்பவர்கள் இதைப் படித்தால்: உங்கள் கோடை ஜூலை கடைசியில் வரும், வழக்கறிஞர் உரிமத்துக்கான பார் தேர்வுக்கு உரியது. இன்டர்ன்ஷிப்பைப் பருவ நாட்களுக்கு நகர்த்துங்கள்.

இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு இரண்டு விஷயம். முதலாவது, மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் நீங்களே திறந்து படியுங்கள், அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் அவியாங்கா வழக்கில் சாட்ஜிபிடி கற்பனையாகக் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. மற்றவர்களின் மென்பொருள் பிழையைத் தோலுரிக்கும் அமைப்பிலிருந்து அப்படி ஒரு மனு போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு மெமோவிலும் இல்லாத தீர்ப்பு ஒன்று இருந்தது. தாக்கலுக்கு முந்தைய இரவு பிடிபட்டது. எழுதியவர் கெட்டிக்காரர்தான், அன்றைக்கு அவசரம்.

இரண்டாவது, அங்கே எழுதுவது உங்கள் சொத்து இல்லை. கட்சிக்காரரின் ரகசியம் அதில் இருக்கும். சமூக ஊடகத்தில் "இன்று சுவாரசியமான வழக்கு" என்று ஒரு வரி போட்டாலும் தப்பு. அடுத்த ஆண்டு வேலைக்கு எழுத்து மாதிரியாக அதே மெமோ தேவைப்படும் என்றால் பெயர்களை நீக்கிய பிரதி ஒன்றைத் தயாரித்து, மேற்பார்வை வழக்கறிஞரிடம் காட்டி, எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். அதைக் கடைசி நாள் கேக் வெட்டும்போது கேட்காதீர்கள். ஒரு வாரம் முன்பே, அவர் மேசை காலியாக இருக்கும் காலையில் கேளுங்கள்.